வெறுங்கிடாரம்

எங்கள் மடத்தம்மாவுக்குச் சீடர்கள் என்று பெரிய கூட்டம் கிடையாது. இருக்கிற இரண்டு மூன்று பேரும் அவவைவிட வயதில் மூத்தவர்கள். தலை முழுக்க நரைத்த நல்லரெத்தினமும் அவர்களில் ஒருவர். கூழாவெளிப் பிள்ளையார் கோயிலின் வண்ணக்கர் அவர். வண்ணக்கர் என்றால் கோயிலை நடத்துகிறவர், ஊர்க் கூட்டத்தில் கடைசிச் சொல் அவருடையது. அப்பேர்ப்பட்ட மனிதர் அம்மாவுக்கு முன்னால் மட்டும் பாயின் ஓரத்தில்தான் இருப்பார்.

நான் மடத்தில் சமைக்கிறவள். பேர் நேசம்மா. எனக்கு ஞானம் கீனம் ஒன்றும் கிடையாது, ஆனால் காது நல்ல கூர்மை.

அன்றைக்கு அவர் வந்தபோது அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா.

"அம்மா, மதிலுக்கு ஓம் எண்டு சொல்லட்டா?"

கூழாவெளி தமிழ் ஊர். மீராங்குடா முஸ்லிம் ஊர். நடுவில் ஒரு ஒழுங்கை, ஒடுக்கமான ஒரு சந்து, அவ்வளவுதான். இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டுப் பூனை வரும். வன்செயல் நடந்து எத்தனையோ வருடம் போய்விட்டது. ஆனால் போன மாதம் ஒழுங்கையில் இரண்டு மோட்டார் சைக்கிள் முட்டிக்கொண்டன. பெடியன்கள் கல்லெறிந்தார்கள். ஒருத்தனுக்கு மண்டை உடைந்தது. ஒழுங்கையை மறித்து மதில் எழுப்பினால் நிம்மதி என்று இரண்டு ஊரிலும் பேச்சு எழும்பியது. கல்லும் வந்து ஒழுங்கை வாசலில் குவிந்துவிட்டது. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காரும் சம்மதம் சொல்வதுதான் பாக்கி.

மரைக்கார் வேறு யாருமில்லை, உதுமாலெவ்வை. நல்லரெத்தினமும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மதில் வந்தால் உதுமாலெவ்வையின் வீட்டுப் படலைக்கு நேரேதான் வரும்.

"மதில் வந்தா சண்டை வராதா?" என்று அம்மா கேட்டா.

"எப்படி வரும்? ஒருத்தர ஒருத்தர் காணாட்டிச் சண்டை எதுக்கு?"

"உங்கட சண்டை எதில தொடங்கினது?"

"கிடாரத்தில."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தா. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தக் கிடாரம் ஒரு பெரிய செம்புப் பானை. ஊருக்கே ஒரே தரத்தில் சோறாக்கலாம். இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான். யார் வாங்கியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. திருவிழாவுக்கு எங்கள் பொங்கலும், பள்ளிவாசலில் ஊருக்கே சோறு போடுகிற கந்தூரிக்கு அவர்களுடைய நெய்ச்சோறும் அதில்தான் வேகும். கடைசியாக ஆக்கின ஊரிலேயே கிடாரம் இருக்கும். தேவைப்படுகிற ஊர்தான் வெற்றிலைத் தட்டோடு போய்க் கேட்க வேண்டும். ஆள் விட்டு வாங்கக் கூடாது, பெரியவர்களே போக வேண்டும். கொடுக்கிறவர்களும் அதை வெறுமையாய்த் தூக்க விடமாட்டார்கள். அரிசியோ தேங்காயோ ஒரு சீப்பு வாழைப்பழமோ, கைக்கு வந்ததை உள்ளே போட்டுத்தான் தருவார்கள். கிடாரத்தில் எங்களுக்குத் திருநீறு பூசத் தடை. அவர்களுக்கு இறைச்சி போடத் தடை. கம்பில் கோத்துத் தூக்கினால் முன் பக்கம் கொடுக்கிற ஊர்த் தோள், பின் பக்கம் எடுக்கிற ஊர்த் தோள்.

இத்தனை ஒழுங்கு இருந்தும் ஒவ்வொரு முறையும் சண்டை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இனிக்கிறது. உதுமாலெவ்வையின் பெண்சாதி செய்னம்பு கிடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்ப்பாள். "அல்லாஹ்வே! இதக் கழுவின கைய வெட்டணும். அந்தா, திருநீத்துக் குறி!" என்பாள். எங்கள் பக்கம் எடுக்கப் போனால் நாங்கள் சும்மா விடுவோமா? மோந்து பார்ப்போம். "இறைச்சி ஆணம் மணக்குது, என்ன போட்டாக்கினீங்க?" என்போம். ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சத்தம் போட்டுக்கொண்டே புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டுவந்து இரண்டு பக்கப் பெண்களும் சேர்ந்து தேய்ப்போம். தேய்த்து முடியும்போது யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, யார் புருஷன் யாரை அடித்தான், எல்லாம் தெரிந்துவிடும்.

"மறுகா?" என்றா அம்மா.

"மறுகா நகரத்தில இருந்து சமாதானக் குழு எண்டு நல்ல மனுசர் கொஞ்சப் பேர் வந்தாங்க. உங்களுக்குள்ள என்ன பிரச்சினை எண்டு கேட்டாங்க. நாங்க யோசிச்சுப் பாத்தம். கிடாரத்தத் தவிர வேற ஒண்டும் வாயில வரல்ல. அதச் சொன்னம்."

"அவங்க என்ன செய்தாங்க?"

"ரெண்டு ஊருக்கும் ரெண்டு புதுக் கிடாரம் தந்தாங்க. நாங்களும் சந்தோசமா வாங்கினம். அதுக்குப் பிறகு சந்தையும் ரெண்டாச்சு. விளையாட்டு மைதானம், தண்ணித்தாங்கி, பஸ் நிக்கிற இடம்கூட ரெண்டாச்சு."

"அதுக்குப் பிறகு சண்டை பிடிச்சீங்களா?"

"ஒரு சொட்டுச் சண்டை இல்ல அம்மா. வருசக் கணக்கா ஒரு சத்தம் இல்ல."

"அப்ப வன்செயல்?"

நல்லரெத்தினம் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். நானும் கத்தியைக் கீழே வைத்தேன். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வெங்காயம் நறுக்க வராது.

"எங்கயோ தூரத்தில ஆரோ ஆரையோ வெட்டின கதை வந்தது," என்றார் மெல்ல. "ரெண்டு ஊரும் பயந்துபோய்க் கிடந்தது. ஒரு நாள் பின்னேரம், மீராங்குடாப் பள்ளி வளவில வரிசையா இருந்து கத்தி தீட்டுறாங்க எண்டு நம்மட ஆள் ஒருத்தன் ஓடி வந்தான். பெடியன்கள் கொதிச்சாங்க. அவங்க வாறதுக்கு முந்தி நாம முந்துவம் எண்டாங்க. நான் வேணாம் எண்டு சொல்லல்ல. முதல்ல எரிஞ்சது அவங்கட வீடுகள். மறுகா அவங்க எரிச்சாங்க. உதுமாலெவ்வைட மருமகன் போனான். நம்மட பக்கத்தில..."

அவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். என் புருஷன் வேளாண்மை பார்க்கப் போனவர். வயல் வரம்பிலேயே கிடந்தார். அவர் எந்தச் சண்டைக்கும் போகாத மனுசன்.

"கத்தி எதுக்குத் தீட்டினாங்க?" என்று அம்மா கேட்டா.

"கத்திய எதுக்கு அம்மா தீட்டுவாங்க?"

"போய்ப் பாக்கல்லயா? ஒரு ஒழுங்கைதானே."

"போறதுக்கு ஒரு காரணம் வேணுமே அம்மா. அந்தப் பக்கம் போய்க் கன காலம்."

அம்மா முருங்கைக் காம்புகளை அள்ளி வெளியே எறிந்தா. மதிலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"வண்ணக்கர், கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் அடுத்த கிழமை இஞ்ச வந்து சேரும். பெரிய கிடாரம் ஒண்டு வேணும்."

"இதென்ன பெரிய விசயமா? கோயில் கிடாரத்த ட்ராக்டர்ல ஏத்தி அனுப்புறன்."

"அது வேணாம். பழசு."

அவர் முகம் கறுத்துப்போனது. பழைய கிடாரம் கடைசியாய்க் கந்தூரிக்குப் போனது. அதற்குப் பிறகு உதுமாலெவ்வையின் வளவிலேயே தங்கிவிட்டது.

மனுசன் கெட்டிக்காரர். தான் போகாமல் ட்ராக்டர்காரனை அனுப்பினார். அவன் வெறுங்கையோடு திரும்பினான். "கிடாரம் ஆள் விட்டு வாங்குற சாமான் இல்ல எண்டு உங்கட வண்ணக்கருக்கு மறந்து போச்சா எண்டு மரைக்கார் கேட்டாரு," என்றான். நல்லரெத்தினத்துக்கு அப்படியொரு கோபம். மடத்துக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டார்.

"சரியாத்தானே கேட்டிரிக்காரு," என்றா அம்மா. "நேசம், வெத்திலைத் தட்ட எடு. நீயும் கூடப் போ."

"நானா? நான் அந்த ஊருக்குள்ள காலடி வைக்கமாட்டன்!"

"கிடாரத்த மோந்து பாக்க உன்ன விட்டா இப்ப ஆர் இருக்கா?"

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஒழுங்கை அப்படியே இருந்தது. கல்லுக் குவியலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பெடியன்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பார்த்தார்கள். உதுமாலெவ்வை படலைக்குள் நின்றார். தாடி வெளுத்து, முதுகு வளைந்து, எங்கள் வண்ணக்கரைப் போலவே கிழடு தட்டிப்போயிருந்தார். நல்லரெத்தினம் என் கையிலிருந்து தட்டை வாங்கி நீட்டினார்.

"கிடாரம் கேட்டு வந்திரிக்கன்."

"வாங்க. இருங்க," என்றார் உதுமாலெவ்வை.

கேட்டீர்களா? வாங்க, இருங்க! டேய் என்றும் மச்சான் என்றும் கட்டிப் புரண்ட இரண்டு பேர். செய்னம்பு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "சுகமா இருக்கீங்களா?" என்றாள். என்னையும் நீங்க என்றாள். எனக்கு அந்த மரியாதை பிடிக்கவேயில்லை.

கிடாரம் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினால் உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஈயம் உரிந்து, கோழி எச்சம் காய்ந்து, பார்க்கப் பாவமாய் இருந்தது. முந்தியென்றால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். "பரவாயில்ல, பரவாயில்ல," என்றேன். "நாங்க கழுவித் தாறம்," என்றாள் அவள். "வேணாம், சிரமப்படாதீங்க," என்றேன். இப்படியே மாறி மாறிச் சொன்னோம்.

"மதிலுக்கு நீங்க சம்மதம் சொல்லிட்டீங்களாமே," என்றார் உதுமாலெவ்வை.

"நானா? நீங்க சொல்லிட்டீங்க எண்டுதானே எங்கட பக்கம் கதைக்கிறாங்க!"

இரண்டு பேரும் படலைக்கு வெளியே கல்லுக் குவியலைப் பார்த்தார்கள். பிறகு நல்லரெத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்டு கேக்கட்டா? அண்டைக்குப் பள்ளி வளவில எதுக்குக் கத்தி தீட்டினீங்க?"

"எண்டைக்கு?"

"அண்டைக்கு. எரியிறதுக்கு முந்தி."

உதுமாலெவ்வை அவரையே பார்த்தார்.

"அடுத்த நாள் கந்தூரி. மாடு அறுக்கக் கத்தி தீட்டினம். வேற எதுக்கு?"

"கந்தூரியா?"

"ஊரெல்லாம் பயமா இரிக்கி, ஆனாலும் நேர்ச்சைய விடக்கூடாது எண்டு சின்னதா வைக்க நினைச்சம். உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? முந்தியெண்டா நீ வந்து கிடாரம் கேட்டாலே எங்கட ஊருக்குத் தெரியும், கந்தூரி வருது எண்டு. பிள்ளைகள் இலை வெட்டி வைச்சிட்டுச் சோத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கும். நீ வரல்லயே!"

"எங்களுக்குத்தான் புதுக் கிடாரம் இருந்ததே," என்றார் உதுமாலெவ்வை. அதைச் சொல்லும்போது அவருடைய வாய் கோணிப்போனது.

நான் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். சோறாக்கத் தீட்டின கத்திக்காக என் மனுசன் வரம்பில் கிடந்தார். செய்னம்பு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளும் தன் மகள் விதவையானதைத்தான் நினைத்திருப்பாள். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி தொடவில்லை. அழுதோம், அவ்வளவுதான்.

கிடாரத்தைக் கம்பில் கோத்தார்கள். நல்லரெத்தினம் பின் பக்கம் தோள் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"நில்லுங்க," என்றாள் செய்னம்பு. உள்ளே ஓடினாள். ஒரு தேங்காயும் கொஞ்சம் சீனியும் கொண்டுவந்து கிடாரத்துக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் எங்கள் வண்ணக்கர், ஊர்ப் பெரிய மனுசன், அந்த முற்றத்தில் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி விம்மினார்.

இரண்டு கிழவர்களும் அதைத் தூக்கி நாலடிகூட நடக்கவில்லை, மூச்சு வாங்கியது. பார்த்துக்கொண்டு நின்ற பெடியன்களில் ஒருவன், தலையில் இன்னும் துணி கட்டியிருந்தவன், வந்து முன் கம்பை வாங்கினான். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடிவந்து பின் கம்பை வாங்கினான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கல்லுக் குவியலுக்குப் பக்கத்தில் வந்தபோது உதுமாலெவ்வை நின்றார்.

"இத வைக்கிற அளவுக்கு மடத்தில அடுப்புக் கல்லு இரிக்கா?"

"இல்ல," என்றேன் நான்.

"அப்ப இதில எடுங்க."

யாத்திரைச் சனம் வந்தது, சாப்பிட்டது, அரோகரா என்று நடந்தது. மதில் கல்லில் அடுப்பு மூட்டி அந்தக் கிடாரத்தில்தான் ஆக்கினேன். எல்லாம் முடிந்த பிறகு நல்லரெத்தினம் அம்மாவுக்கு முன்னால் வந்து, அந்த வீட்டில் நடந்ததை முழுக்கச் சொன்னார். கத்தியைச் சொன்னார். தேங்காயைச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக் கேட்டா.

"கிடாரம் எப்படி இருந்தது?"

"கோழி அடைகாத்தது அம்மா. ஒரே நாத்தம்."

"நேசம் என்ன சொன்னாள்?"

"பரவாயில்ல எண்டு சொன்னாள்."

அம்மா என் பக்கம் திரும்பினா. "நீயா?"

"வேற என்ன சொல்ல?" என்றேன்.

"அப்ப இன்னும் சரிவரல்ல," என்றா அம்மா. "கிடாரத்தக் கோயில்ல கொண்டுபோய் வையுங்க, வண்ணக்கர். மடத்துக்கு வேணாம்."

"அம்மா, மதில்?"

"கந்தூரி முடியட்டும்."

ஊர்க்கூட்டத்தைக் கந்தூரிக்குப் பிறகு வைக்கலாம் என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன. நல்லரெத்தினத்துக்கு நித்திரை இல்லை. பெடியன்கள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் திரிந்தார்கள். கல்லும் குவிந்தபடியேதான் கிடந்தது. அவர் சொல்லப்போகிற ஒரு சொல்லில் ஒழுங்கை இருக்கும், இல்லாவிட்டால் மூடும். எந்தச் சொல் என்று அவருக்கே தெரியவில்லை. அடிக்கடி வந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா தேத்தண்ணி தருவா, அனுப்பிவிடுவா.

கந்தூரிக்கு முதல் நாள் வெயில் ஏறும் நேரம். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நல்லரெத்தினம் ஓடிவந்தார். உண்மையாகவே ஓடிவந்தார், சால்வை ஒரு பக்கம், மனுசன் ஒரு பக்கம்.

"அம்மா! போச்சு! எல்லாம் போச்சு!"

"என்ன போச்சு?"

"கோயிலடியில சண்டை! கிடாரம் கேட்டு உதுமாலெவ்வை வந்தான். பெண்சாதியையும் கூட்டிக்கிட்டு வந்தான். அவள் கிடாரத்துக்குள்ள தலைய விட்டாள். அவ்வளவுதான்! திருநீத்துக் குறி இரிக்கெண்டு கத்துறாள். கழுவின கைய வெட்டணுமாம். எங்கட பொம்பிளைகள் விட்டாங்களா? கோழிக்கூடு வைச்ச நீ கதைக்கிறயா எண்டு அவங்களும் கத்துறாங்க. புளியையும் சாம்பலையும் கொண்டாந்து கொட்டி, தேய்ச்சுத் தேய்ச்சுச் சண்டை பிடிக்கிறாங்க. ஒழுங்கையில நிண்ட பெடியன்களெல்லாம் வாயப் பிளந்துகிட்டுப் பாக்கிறானுகள். உதுமாலெவ்வை என்னப் பாத்து, டேய் வண்ணக்கா, உன்ட கோயில்ல தும்புக்கும் பஞ்சமாடா எண்டு கேக்கிறான் அம்மா! இத்தினை சனத்துக்கு முன்னால டா போடுறான்! இப்பவாவது சொல்லுங்க. மதிலுக்கு என்ன சொல்ல?"

சுளகு என் கையிலிருந்து விழுந்தது. அரிசி சிதறினதைக்கூட நான் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் திருநீற்றுக் குறி, கிடாரம் கோயிலுக்குப் போக முந்தி நான் வேண்டுமென்றே கழுவாமல் விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா எழும்பினா. உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துவந்து நல்லரெத்தினத்தின் கையில் வைத்தா.

"உங்கட பங்குச் சண்டைய அங்க ஆர் பிடிக்கிற? ஓடுங்க, வண்ணக்கர். நல்லாச் சத்தம் போட்டுப் பிடியுங்க. ஆனா வெறுங்கிடாரம் குடுத்திராதீங்க."